தலைச்சுமை சென்ற தூரம்

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளைக்குச் செல்லும் பழைய ராஜபாட்டையின் ஓரத்திலும், அதிலிருந்து கிளைத்து விளைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே இறங்கும் தடங்களிலும், இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு மூன்றாவது கல்லொன்றை அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய சுமைதாங்கிகள் ஒரு காலத்தில் நின்றன. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய உற்றார் இத்தகைய கல்லை நாட்டுவது தமிழ் வழங்கும் பிரதேசங்களில் நெடுநாளாக உள்ள சம்பிரதாயம். அந்தப் புண்ணிய காரியத்தின் பயனை அனுபவித்தவர்களுள் பெரும்பாலோர் சந்தைக்கு விறகும் ஓலையும் கிழங்கும் சுமந்து சென்ற ஏழைகளே. ஒரு மனிதன் தன் கழுத்தின் வலிமை ஒன்றையே துணையாகக் கொண்டு ஒரு விறகுக்கட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரமே விறகு பிரயாணம் செய்தது என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சி; அந்த எல்லை, எவரும் திட்டமிட்டு வகுக்காமலே, இப்பிரதேசத்து மரங்களின் புழுவும் பூஞ்சையும் ஊர்விட்டு ஊர் குடியேறாதபடி தடுத்த வேலியாகவும் இருந்தது என்பது என் துணிபு.

விடியற்காலையில் சுமையோடு புறப்பட்டு, சந்தையில் அதை விற்று, கிடைத்த காசுக்கு உப்பும் மீனும் வாங்கிக்கொண்டு, அந்திக்குள் வீடு திரும்பி உலை வைக்கவேண்டிய ஒருத்தி, போக நாலு மைலும் வர நாலு மைலும் நடப்பதே பெரிது. அதற்கு அப்பால் விறகைக் கொண்டுபோவதில் ஆதாயமும் இல்லை. ஏனென்றால் அடுத்த ஊரிலும் அதே தென்னை, அதே பனை, அதே பலா. விறகு கனமானது, மலிவானது, எங்கும் கிடைப்பது. இம்மூன்று குணங்களும் சேர்ந்து அதை ஊரோடு கட்டிப்போட்டிருந்தன. மிளகும் சுக்கும் கடல் கடந்து போன அதே கரையில், சுள்ளிக்கட்டு அடுத்த சந்தையைத் தாண்டியதில்லை.

எல்லைப்புறத்து வீடுகளில் விறகு என்றால் அது பெரும்பாலும் காட்டு மரம் அன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள புரையிடமே அடுப்பைப் போஷித்தது. தென்னையிலிருந்து விழும் ஓலையும் மட்டையும், பாளை விரிந்தபின் உலர்ந்து தொங்கும் கொதும்பும், மட்டையின் அடியில் வலைபோல் படர்ந்த சில்லாட்டையும், கயிறு திரிக்கப் போகாமல் எஞ்சிய கதம்பையும், சிரட்டையும் அன்றாட எரிபொருள்கள். கிழங்கு பிடுங்கியபின் நடுவதற்கு ஒதுக்கியதுபோக மிஞ்சிய மரச்சீனிக் கம்புகளும் வெயிலில் காய்ந்து அடுப்புக்கு வந்தன. வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் ஆண்டுக்கொருமுறை கழிக்கப்பட்டன. அயனியும் பலாவும் காற்றில் முறிந்தால்தான் விறகாகும். நன்றாயிருக்கும் பலாவை வெட்டி எரிப்பவனை ஊர் மன்னிக்காது. தேக்கோ எவருடைய நிலத்தில் முளைத்தாலும் ராஜ விருட்சம். திருவிதாங்கூர் அரசின் அனுமதியின்றி அதில் கோடரி படலாகாது. மழைக்காலத்துக்கென்று சேர்த்த விறகு அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் அடுக்கப்பெற்று, மாதக்கணக்கில் புகையும் அனலும் பட்டு, ஈரம் வற்றிக் கிடந்தது. ஈரமில்லாத, பட்டை கழன்ற கட்டையில் பச்சை மரத்தைத் தின்னும் புழு வாழாது. இதை அறிந்து செய்தார்களோ, மழை நாளில் புகையில்லாமல் எரியவேண்டும் என்பதற்காக மட்டும் செய்தார்களோ, பலன் ஒன்றுதான்.

விறகின் பெருந்தேவை எழுந்தது கருப்பட்டிக் காய்ச்சிலில். தெற்குத் திருவிதாங்கூரின் பனைமரங்களிலிருந்து இறக்கிய அக்கானியை நாழிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பாகாக்குவதற்கு ஓயாத தீ வேண்டும்; பனை ஏறிய குடும்பத்தின் பெண்கள் அந்தத் தீயின் முன்னிலையில் தம் ஆயுளின் பாதியைக் கழித்தனர். அவர்கள் எரித்ததும் பக்கத்துப் பனையின் காய்ந்த ஓலையும் மட்டையும், கூட்டிப் பெருக்கிய சருகுமே. மரம் கொடுத்த நீரை அதே மரத்தின் உதிர்ந்த உறுப்புகளைக் கொண்டே காய்ச்சிய அந்தத் தொழிலில், விறகுக்காக ஊர் எல்லையைத் தாண்டவேண்டிய அவசியம் அநேகமாக எழவில்லை.

நெய்யாற்றின்கரை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்பெறும் அம்மச்சிப் பிலாவு. எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அப்பலாமரத்தின் பொந்துக்குள் மறைந்து உயிர் தப்பினார் என்பதும், அதற்கு நன்றியாகவே அக்கோயிலை எழுப்பினார் என்பதும் ஐதிகம். பட்டுப்போன பின்னும் அந்த அடிமரத்தை எவரும் விறகாக்கவில்லை. பக்தி அதைக் காத்தது. ஆனால் பொந்து விழுந்த மற்றெந்த மரமும் அந்நாளில் நெடுநாள் நின்றதில்லை, அடுப்புதான் அதன் கதி. பயிர்நோய் அறிந்த இக்காலத்து நிபுணர்கள் தோட்டத்துச் சுகாதாரம் என்று உபதேசிக்கும் காரியத்தில் பெரும்பகுதியை அந்த அடுப்பே செய்து முடித்தது.

தென்னையின் இரு பெரும் சத்துருக்களைக் கொண்டு இதை விளங்கச் சொல்லலாம். கொம்பன் செல்லி என்று இப்பக்கத்தார் சொல்லும் காண்டாமிருக வண்டு தென்னையின் குருத்தைத் துளைத்து அழிக்கிறது. ஆனால் அது முட்டையிடுவதும், அதன் பருத்த வெண்புழு மாதக்கணக்கில் வளர்வதும் உயிருள்ள தென்னையில் அன்று, எருக்குழியிலும் மக்கிக் கிடக்கும் தென்னந்தடியிலுமே. செம்பன் செல்லி என்னும் சிவப்புக் கூன்வண்டோ, வெட்டுக்காயத்தின் வாசனையைப் பற்றி வந்து உயிருள்ள மரத்துக்குள்ளேயே முட்டையிடுகிறது. ஓலை வாடி மண்டை சாய்கிறவரை வெளியே ஒன்றும் தெரிவதில்லை, தெரியும்போதோ உள்ளே ஒரு பெருங்குடும்பம் வாழ்ந்துகொண்டிருக்கும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: விழுந்த தடியைக் கிடக்கவிடாமலும், செத்த மரத்தை நிற்கவிடாமலும், பிளந்து, அந்த இடத்திலேயே எரித்துவிடுவது. விறகுக்கு எப்போதும் தவித்த ஏழைக் குடியிருப்பில் தென்னந்தடி ஒன்று ஒரு மழைக்காலம் முழுவதும் கேட்பாரற்று மக்கிக் கிடப்பது அரிது.

அந்த வழக்கமில்லாத நாட்டில் இதே வண்டு என்ன செய்தது என்பதற்குப் பசிபிக் சமுத்திரத்தின் சமோவாத் தீவு உதாரணம். 1909-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அத்தீவுக்குக் கொண்டுபோன ரப்பர்க் கன்றுகளோடு நம்முடைய கொம்பன் செல்லியும் போய் இறங்கியது. தென்னையையே ஜீவாதாரமாகக் கொண்ட அந்த ஜனங்கள், ஜெர்மானிய ஆட்சியின் கட்டளைப்படி, மக்கிய தடிகளைப் புரட்டி வண்டும் புழுவும் தேடிப் பொறுக்கவேண்டிய நிலைக்கு வந்தனர்; ஆயினும் வண்டு ஒழியவில்லை. மலேயாவில் 1960-களில் கண்டறிந்த ஒரு வைரஸை அங்கே கொண்டுசென்று பரப்பிய பிறகுதான் அதன் உக்கிரம் தணிந்தது. செம்பன் செல்லியும் அவ்வாறே இந்தியாவை உள்ளிட்ட கீழ்த்திசை நாடுகளிலிருந்து, ஓரிடத்தில் பெயர்த்து வேறோரிடத்தில் நடும் மரங்களுக்குள் ஒளிந்து, 1980-களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களையும், 1990-களில் எகிப்தையும் ஸ்பெயினையும் அடைந்தது. பறந்து போகமுடியாத தூரத்தை வண்டு மனிதனுடைய கையைப் பற்றிக்கொண்டு கடந்தது.

மலைப்பக்கத்துச் சரித்திரம் வேறு. நெய்யாறு உற்பத்தியாகும் அகஸ்திய மலைத் தொடரின் தென்கோடியில், நாகர்கோவிலுக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் அசம்பு மலைகளில், 1860-களில் ஐரோப்பியத் துரைமார் காட்டைத் திருத்திக் காப்பி பயிரிட்டனர். அதே தசாப்தத்தில் குடகிலும் வயநாட்டிலும் காப்பித் தண்டைத் துளைக்கும் வெள்ளைத் துளைப்பான் தோட்டம் தோட்டமாக நாசம் செய்தது. சென்னை அரசாங்கம் அதை ஆராய ஜார்ஜ் பிடி என்னும் வைத்தியரை நியமித்தது. அவருடைய அறிக்கை 1869-இல் அச்சாயிற்று. இந்நாட்டில் ஒரு மரத்துளைப்பானைக் குறித்து எழுந்த முதற் பெரும் விசாரணைகளுள் அது ஒன்று. அன்றுமுதல் காப்பித் தோட்டங்களில் வழங்கும் கட்டுப்பாடு நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. புழுவேறிய செடியை வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும். விறகுக்கென்று கொல்லையில் அடுக்கிவைத்தால், செடி செத்தாலும் தண்டினுள் இருக்கும் புழு சாகாது. அது கூட்டுப்புழுவாகி, ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடியும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலும் வண்டாக வெளிப்பட்டு அடுத்த செடியைத் தேடிப்போகும். உடனே எரிக்க வசதியில்லாதவன் அத்தண்டுகளைப் பத்து நாள் அளவில் நீரில் அமிழ்த்திவைத்து, புழு மாண்டபின் விறகாக்கிக்கொள்ளலாம். குளத்திலும் காயலிலும் மரத்தையும் மூங்கிலையும் ஊறப்போட்டுப் பின் எடுத்து உபயோகிக்கும் பழக்கம் நம் தச்சருக்கும் புதிதன்று. நீரில் ஊறுகையில் மூங்கிலின் மாவுச்சத்து கரைந்துவிடுகிறது. அந்த மாவுச்சத்தை நாடித்தான் மூங்கிலைப் பொடியாக்கும் வண்டு வருகிறது. தேய்பிறையில் வெட்டிய மூங்கிலை வண்டு அரிக்காது என்ற நம்பிக்கையைக் காட்டிலும் இந்த ஊறல் உறுதியானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி வேலி தகர்ந்த கதை. 1860-ஐ ஒட்டித் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் பூவாறிலிருந்து தேங்காய்ப்பட்டணத்தின் வழியே குளச்சல் பக்கமாக வள்ளங்களை ஓடச்செய்தது. ஒரு வள்ளம் நூறு தலைச்சுமையை ஏற்கும். பின்னர் ராஜபாட்டை அகன்று மோட்டார் வண்டி வந்தது. 1979-இல் திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக ரயிலும் ஓடிற்று. ஆனால் விறகை ஊரிலிருந்து பெயர்த்தது கால்வாயும் அன்று, ரயிலும் அன்று, லாரிதான். லாரிக்குக் கழுத்து வலிப்பதில்லை. செங்கற்சூளையும், முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீசும், பேக்கரியும் ஒருமிக்கக் கேட்ட விறகைப் புரையிடம் கொடுக்க இயலாதபோது, அதைக் கொடுக்க ரப்பர் மரம் தயாராக நின்றது. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்தபின் ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்யவேண்டும். ஒரு தோட்டத்தில் வெட்டுகிறபோது அத்தனை மரமும் ஒரே சமயத்தில் சாய்கிறது. அந்தத் தடியோ மாவுச்சத்து மிகுந்தது; வெட்டிய சில நாட்களுக்குள் நீலப்பூஞ்சை படர்ந்து, துளைவண்டுகள் புகுந்து, மாவாகக் கொட்டத் தொடங்கும். போரான் உப்பில் ஊறவைத்துப் பலகையாக்கும் முறை பரவும்வரை அது விறகுக்கும் பெட்டிக்கும் அல்லாமல் வேறொன்றுக்கும் உதவாத மரமாகவே கருதப்பட்டது. பச்சைப் பட்டையோடும், பட்டைக்குள் உயிரோடும் லாரி ஏறிய முதல் விறகு இதுவே என்று சொல்லலாம்.

இதற்கிடையில் எல்லையும் இடம்பெயர்ந்தது. முன்னே திருவிதாங்கூருக்கும் பாண்டி நாட்டுக்கும் எல்லை ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்கே மழையும் தென்னையும், கிழக்கே காற்றும் உடைமரமும் என்று இயற்கையே இருவேறு உலகங்களைப் பிரித்துவைத்த இடத்தில் அரசர்கள் கோட்டையும் சுங்கச் சாவடியும் வைத்தனர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. மொழிக்காகத் துயருற்றவர்களின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. இங்கே நான் குறிப்பிட விரும்புவது, புதிய எல்லை ஒரு புரையிடத்துக்கும் அடுத்த புரையிடத்துக்கும் நடுவே ஓடியது என்பதை. இந்தப் பக்கத்துத் தென்னையின் ஓலை அந்தப் பக்கத்து மண்ணில் விழும். களியக்காவிளையிலும் அமரவிளையிலும் சோதனைச் சாவடிகள் எழுந்து, அரிசியையும் சாராயத்தையும் வரி கட்டாத சரக்கையும் தேடின. மரத்துக்கும் சட்டம் இருந்தது: தமிழ்நாட்டில் 1968-ஆம் ஆண்டின் விதிகளும் கேரளத்தில் 1975-ஆம் ஆண்டின் விதிகளும் மரம் கொண்டுசெல்ல அனுமதிச் சீட்டு வேண்டுமென்றன. அச்சீட்டு விசாரித்தது மரம் யாருடையது, திருடியதா என்பதையே. பட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க அதில் ஓர் இடம் இருக்கவில்லை.

ஆனால் நம் அரசாங்கம் அப்படிக் கேட்கத் தெரியாததும் அல்ல. பயிர்ப்பூச்சிகளுக்கென்று இந்தியாவின் மாகாணங்களுள் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது சென்னை, ஆண்டு 1919. நீலகிரியில் அது எவ்வாறு பயன்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. உதகைக்கும் வெல்லிங்டனுக்கும் விறகு வேண்டுமென்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து மலைச்சரிவெங்கும் வளர்த்தவை வாட்டில் மரமும், கற்பூர மரமென்று வழங்கும் யூகலிப்டஸும். அந்த வாட்டிலின்மீது, 1928-ஆம் ஆண்டில், அதே ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வெண்ணிறச் செதில்பூச்சி ஒன்று காணப்பட்டது. அது சமவெளியின் எலுமிச்சை, நாரத்தைத் தோட்டங்களுக்கு இறங்கினால் விளையும் கேடு பெரிது; கலிபோர்னியாவின் நாரத்தைத் தோட்டங்களை அது அழிவின் விளிம்புவரை கொண்டுபோனதும், 1888-89-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவித்த ரொடோலியா என்னும் சிறு பொறிவண்டு அவற்றை மீட்டதும் அன்றே உலகறிந்த செய்தி. அதே பொறிவண்டை நீலகிரிக்கும் வருவித்தார்கள். அதோடு நில்லாமல், மலையிலிருந்து இறங்கும் வழிகளான மேட்டுப்பாளையத்திலும் கூடலூரிலும், கொடைக்கானல் மலைக்குச் செண்பகனூரிலும், செடிகளைப் பரிசோதிக்கும் சாவடிகளை வைத்தார்கள். விறகுக்கென்று வந்த மரத்தோடு வந்த பூச்சியை மலையடிவாரத்திலேயே நிறுத்த முயன்ற அச்சாவடிகளை நான் பெருமையோடு நினைக்கிறேன். அமரவிளையில் அத்தகைய ஒன்று இருந்திருக்கவேண்டும்.

மேல்நாட்டார் இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றனர். பட்டையோடு கூடிய எல்ம் மரத்தடிகள் வட அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு 1960-களில் வந்திறங்கியபோது, அவற்றினுள் இருந்த பூஞ்சையும் அதைச் சுமக்கும் பட்டைவண்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மரங்களைக் கொன்றன. 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தருகே கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை மாய்த்துவிட்டது. அந்த வண்டு தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில மைல். முகாமிட்டுக் குளிர்காயப் போகிறவர் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டுபோகும் விறகோடு ஒரே நாளில் நூறு மைல். ஆகவே விறகைப் பெயர்க்காதே, எரிக்கிற இடத்திலேயே வாங்கு என்று அங்கே பெரும் பிரசாரம் நடக்கிறது. நியூயார்க் மாநிலம் சூடேற்றிப் புழுக்கொல்லாத விறகை 50 மைலுக்கு அப்பால் கொண்டுபோகலாகாதென்று சட்டமே செய்தது. சர்வதேச வாணிகத்தில் செல்லும் மரப்பெட்டிகளை, உட்பாகம் 56 பாகைச் சூட்டில் முப்பது நிமிஷம் இருக்கும்படி சூடேற்றவோ புகைமருந்திடவோ வேண்டும் என்ற விதியும் 2002-இல் பிறந்ததுதான்.

நம் பக்கத்துக்கு வந்த பீடைகள் எல்லாம் விறகோடு வந்தன என்று சொல்வது சத்தியத்துக்கு விரோதம். மரச்சீனி இலையில் வெண்பஞ்சாய் அப்பிய சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது 1993-இல், திருவனந்தபுரத்தில். விசாகம் திருநாள் மகாராஜா ஜனங்களின் பசி தீரப் பரப்பிய கிழங்குக்கு நேர்ந்த சோதனை அது. 1998-இல் எர்ணாகுளம் பக்கத்தில் தோன்றிய தென்னைச் சிலந்தி அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தோப்புகளில் தேங்காயைச் சுருங்கவைத்தது. 1882-இல் ஈராற்றுப்பேட்டையில் முதலில் கவனிக்கப்பட்ட தென்னை வேர்வாடல் நூறாண்டுக்கு மேலாகத் தெற்கே ஊர்ந்துகொண்டிருக்கிறது. இவற்றுள் சில காற்றோடும், சில கன்றோடும், சில காயோடும் வந்தவை. விறகு அவற்றின் வாகனம் அன்று. ஆனால் தண்டைத் துளைக்கும் ஜாதிகளுக்கும், பட்டைக்கடியில் வாழும் பூஞ்சைகளுக்கும் விறகைப்போன்ற வாகனம் வேறில்லை. மற்ற வாசல்கள் திறந்துகிடக்கின்றன என்பது இந்த வாசலையும் திறந்துபோடக் காரணமாகாது.

எரிவாயு அடுப்பு வந்தபின் எல்லைப்புறத்து வீடுகளில் விறகின் மதிப்பே மாறிவிட்டது. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் புறத்தே ஓர் அடுப்பு எரிகிறது; எனினும் கொதும்பும் மட்டையும் புரையிடத்திலேயே மழையில் நனைந்து மக்குகின்றன; கொம்பன் செல்லிக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. விழுந்த தென்னந்தடியை வீட்டார் எரிப்பதில்லை; சாரத்துக்கும் முட்டுக்கும் வாங்குகிறவன் லாரியோடு வரும்வரை அது கிடக்கிறது. செம்பன் செல்லி புகுந்து சாய்ந்த மரமும் அந்த லாரியில்தான் ஏறுகிறது. எல்லைக்கு இப்பாலோ அப்பாலோ எந்த ஊரில் அது இறங்கும் என்று விற்றவருக்குத் தெரியாது. 2017-இல் சரக்கு வரி ஒன்றானபின் அமரவிளையில் வரிக்காகத் தடியை நிறுத்துவாரும் இல்லை.

ஆகையால் சாவடியை நம்பிப் பயனில்லை. காரியம் மரம் சாயும் இடத்தில் நடக்கவேண்டும். கூன்வண்டு புகுந்த தென்னையை வெட்டிய அன்றே மண்டையையும் துளைவிழுந்த பாகத்தையும் பிளந்து, அந்தப் புரையிடத்திலேயே எரிக்கவேண்டும். ரப்பர் தடியைப் பட்டையோடு தூரத்துச் சூளைக்கு அனுப்பாமல் வெட்டிய பஞ்சாயத்துக்குள்ளேயே விறகாக்கவோ, ஆலைக்குப் போவதாயின் பட்டை உரித்து அனுப்பவோ வேண்டும். பிளக்கிற கூலி இன்றைக்குத் தென்னந்தடியின் விலையைக் காட்டிலும் அதிகம் என்று விவசாயி சொன்னால், அது நியாயமான பேச்சு. அந்தக் கூலியைப் பாறசாலைப் பஞ்சாயத்தும், அடுத்துள்ள களியக்காவிளைப் பேரூராட்சியும் தத்தம் செலவில் ஏற்றுக்கொள்வதே முறை. ஏனென்றால் எரியாமல் போன ஒரு தடியிலிருந்து புறப்படும் வண்டு முதலில் வந்து உட்காருவது அடுத்த வீட்டுக்காரனுடைய மரத்தில்.